வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது: சூடா, உப்பா, மருந்தா, வாளியா?

ஐப்பசி மழை பிடித்து பத்து நாள் ஆனால் போதும், வீட்டுத் தொட்டியில் மீன் வளர்க்கும் தெரிந்தவர்களிடமிருந்து ஒரே மாதிரி போட்டோக்கள் வரத் தொடங்கிவிடும். மீன் உடம்பில் ரவை தூவினது போலப் புள்ளி புள்ளியாக வெள்ளை, கூடவே "அண்ணா, ஒருத்தர் உப்பு போடச் சொல்றார், கடையில மருந்து குடுக்கறாங்க, இன்னொருத்தர் ஹீட்டர் வாங்கச் சொல்றார், எதைச் செய்யட்டும்?" என்று ஒரு கேள்வி. தனித்தனியாகப் பதில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில் பொருந்துவதில்லை, அதனால்தான் இவ்வளவு குழப்பம். நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒன்று: இது வெள்ளைப்புள்ளிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உப்புக்கல் அளவில் தனித்தனிப் புள்ளி, செதிலிலும் துடுப்பிலும் சிதறி இருக்கும், மீன் கல்லிலும் மணலிலும் உடம்பை உரசும், துடுப்பை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கும். பொன்தூள் பூசினது போல மிக நுண்ணியதாக இருந்தால் அது வெல்வெட் நோய். வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினது போல இருந்தால் அது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய், அதற்குச் சூடேற்றினால் இன்னும் வேகமாகப் பரவும். அப்புறம் கோல்டு பிஷ் வைத்திருப்பவர்களுக்கு: செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி இருந்து, மீன் நன்றாகச் சாப்பிட்டு நீந்திக்கொண்டிருந்தால், அது நோயே இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு வரும் அடையாளம். இதற்கு மருந்து ஊற்றிக் கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

## எதிரி எப்படி வாழ்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழியை எடுத்தாலும் பாதியில் தோற்போம். நோயைத் தருவது இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, சுருக்கமாக இக். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் அந்த உயிர்தான். 25 டிகிரி தண்ணீரில் சில நாள் தின்று கொழுத்து, பிறகு மீனைவிட்டு விழுந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள்ளேயே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகி வெளியே நீந்தி வரும். அவை இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும்.

மருந்தோ உப்போ வேலை செய்வது அந்த நீந்தும் குஞ்சுகள் மீது மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொட முடியாது. அதனால்தான் மருந்து ஊற்றிய மறுநாளும் புள்ளி அப்படியே இருக்கிறது என்று பயந்து டோஸை இரட்டிப்பாக்குகிறார்கள். நான்காம் நாள் புள்ளி எல்லாம் மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். மறைந்த புள்ளி கீழே விழுந்து கூடு கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வாரம் பத்து மடங்காகத் திரும்பி வரும்.

ஆகவே "எது பவரான மருந்து" என்று கேட்பதைவிட, "எதை என் தொட்டியில் இரண்டு வாரம் விடாமல் செய்ய முடியும்" என்று கேளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

என்ன மீன், அதுதான் முதல் கேள்வி. கப்பி, மோலி உப்பைத் தாங்கும். அடியில் மேயும் கோரிடோரஸ், லோச் மீன்கள் தாங்காது. மீனைத் தவிர தொட்டியில் செடியோ நத்தையோ இறாலோ இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது தண்ணீர் என்ன வெப்பநிலை? தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் இன்றே ஒன்று வாங்குங்கள், கையை விட்டுப் பார்ப்பது கணக்கில்லை. உங்கள் பகுதியில் கரண்ட் எவ்வளவு நம்பகம், தினமும் உங்களால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? கடைசியாக நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது. இதில் புள்ளியை எண்ணுவதைவிட மூச்சைப் பாருங்கள். இக் செவுளில்தான் அதிகம் கெடுக்கும், உடம்பில் மூன்றே புள்ளி இருந்துகொண்டு செவுள் முழுக்க நிறைந்திருக்கலாம். மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் நிலைமை மோசம்.

## சூடு

தண்ணீரை 30 அல்லது 31 டிகிரிக்குக் கொண்டுபோய் இரண்டு வாரம் அங்கேயே வைத்திருப்பது. சூடு ஏற ஏற ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், 30 டிகிரிக்கு மேல் பெரும்பாலான இக் வகைகளால் பெருக முடியாது. ரசாயனம் எதுவும் வேண்டாம், மீன் கழிவில் வரும் அமோனியாவைச் சிதைக்கும், பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆபத்தில்லை. ஏஞ்சல், டிஸ்கஸ், ராம் மாதிரி சூட்டை விரும்பும் மீன்கள் இருந்தால் என் முதல் தேர்வு இதுதான். ஒரு நாளைக்கு 2 டிகிரி என்று மெதுவாக ஏற்றுங்கள்.

மறைந்திருக்கும் செலவு முதலில் காற்றில் வரும். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6தான். செவுள் ஏற்கெனவே கெட்டுப்போன மீனுக்கு இந்த வித்தியாசம் பெரிது, அதனால் ஏர் பம்ப் இல்லாமல் ஹீட்டரைத் தொடவே தொடாதீர்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அமோனியாவின் விஷமும் கூடும், தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 100 வாட் ஹீட்டர் நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட், நடுவில் நின்று நின்று எரிவதால் அவ்வளவு ஆகாது, கரண்ட் பில் பெரிய விஷயமில்லை. கரண்ட் போவதுதான் விஷயம். மழை நாளில் ராத்திரி நான்கு மணி நேரம் போய்விட்டால் சின்னத் தொட்டி வேகமாகக் குளிர்ந்து, ஹீட்டரும் ஏர் பம்பும் ஒன்றாக நின்றுவிடும். விலை குறைந்த ஹீட்டர்களில் சில, அணையாமல் மாட்டிக்கொண்டு மீனை வேகவைத்துவிடும் அபாயமும் உண்டு, ஹீட்டரில் வைத்த டிகிரியை நம்பாமல் தனித் தெர்மாமீட்டரைப் பாருங்கள். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் ஹீட்டரின் கண்ணாடி தெறிக்கும்.

இன்னொன்றையும் நிறைய பேர் கவனிப்பதில்லை. சென்னையில் மே மாதம் என் வீட்டுத் தொட்டியே ஹீட்டர் இல்லாமல் 31 டிகிரி காட்டும். அந்த நேரத்தில், அந்தச் சூட்டில் வெள்ளைப்புள்ளி வந்தது என்றால், வந்திருப்பது சூட்டைத் தாங்கும் வகை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் சில இருக்கின்றன. அப்போது மேலும் சூடேற்றுவதில் பயன் இல்லை, வேறு வழிக்குப் போங்கள்.

## உப்பு

வீட்டுக் கல்லுப்பே போதும். லிட்டருக்கு 2 கிராம் என்று ஆரம்பிக்கலாம், தாங்கும் மீன் என்றால் 3 கிராம் வரை போகலாம். தனியாக ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஒன்றரை நாளில் மூன்று தவணையாக ஊற்றுங்கள். கல்லாக மீன் மேல் போடாதீர்கள்.

இங்கே தவறு நடப்பது கணக்கில்தான். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி கணக்குப்படி 56 லிட்டர் சொச்சம் பிடிக்கும், ஆனால் மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையான தண்ணீர் 45 லிட்டர்தான் இருக்கும். 2 கிராம் வீதம் 90 கிராம் உப்பு. ஸ்பூனை நம்பாமல் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கல்லுப்பும் தூளுப்பும் ஒரு ஸ்பூனில் ஒரே எடை இருக்காது. அப்புறம், உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றியதற்கு ஊற்றும்போது உப்பு சேர்க்கக் கூடாது. 11 லிட்டர் எடுத்து மாற்றினால் அந்த 11 லிட்டருக்கான 22 கிராம் மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் "ஒரு கைப்பிடி" போட்டுப் போட்டு, என்ன அளவில் இருக்கிறது என்றே தெரியாமல் போன தொட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மோலிக்கு உப்பு பிடிக்கும். கப்பி, பிளாட்டி, கோல்டு பிஷ் எல்லாம் சிரமம் இல்லாமல் தாங்கும். கோல்டு பிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன் என்பதால் அதற்குச் சூட்டைவிட உப்புதான் நல்லது. கோரிடோரஸ், லோச், சிறிய டெட்ராக்கள் இருக்கும் தொட்டியில் நான் போட மாட்டேன். செடித் தொட்டி என்றால் உப்புச் சிகிச்சையின் உண்மையான விலை அந்தச் செடிகள்தான், சில செடிகள் ஒரு வாரத்தில் கரைந்துபோகும், அதற்கு நீங்கள் கொடுத்த காசு இருபது ரூபாய் உப்போடு போகாது. போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருக்கும் பகுதியில் இருந்தால் குறைந்த அளவிலேயே நின்றுகொள்ளுங்கள்.

## மருந்து

கடையில் வெள்ளைப்புள்ளிக்கு என்று தருவதில் பெரும்பாலும் மலாக்கைட் கிரீன் இருக்கும், தனியாகவோ பார்மலினோடு சேர்ந்தோ. சில இடங்களில் மெத்திலீன் ப்ளூ கொடுப்பார்கள். நோய் முற்றிய நிலையில், மீன் நிறைய இருக்கும் தொட்டியில், மலாக்கைட் கிரீனும் பார்மலினும் சேர்ந்த மருந்து அளவு தவறாமல் கொடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். இதை எதிர்ப்பவன் இல்லை நான். ஆனால் நான்கு வழிகளில் தவறுக்கு இடமே தராத வழி இது.

என் முதல் தொட்டியில் இது வந்தபோது, தொட்டியை முழுவதும் காலி செய்து கழுவினேன், பில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று பிழிந்தேன், புதுத் தண்ணீர் நிரப்பி, கடையில் கொடுத்த நீல மருந்தைச் சொன்னதற்கு இரண்டு மடங்கு ஊற்றினேன். மூன்றாம் நாள் இரண்டு ஏஞ்சலும் போய்விட்டன. கொன்றது இக் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் பாதியும் மெத்திலீன் ப்ளூ மீதியுமாக பில்டரின் நல்ல பாக்டீரியாவை அழித்துவிட்டன, அமோனியா ஏறிவிட்டது. மெத்திலீன் ப்ளூவைத் தனி டப்பில் மட்டும் பயன்படுத்துங்கள், ஓடும் பில்டர் உள்ள தொட்டியில் ஊற்றாதீர்கள் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்கிறேன்.

மலாக்கைட் கிரீன் எடுத்தால்: பில்டரில் கரி இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும், அது மருந்தை உறிஞ்சிவிடும். வெளிச்சத்தில் மருந்து சிதையும், விளக்கை அணைத்து வையுங்கள். பார்மலின் கலந்தது ஆக்சிஜனைக் குறைக்கும், காற்றைக் கூட்டுங்கள். பாட்டிலுக்கு அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது இன்னும் கொடிய விஷமாக மாறிவிட்டது, தூக்கி எறிய வேண்டியதுதான். சூடு கூடினால் மலாக்கைட் கிரீனின் விஷமும் கூடும், ஆகவே 31 டிகிரியும் முழு டோஸும் சேர்த்து வைக்காதீர்கள். லோச், கெளுத்தி வகை, டெட்ராவுக்குப் பாதி டோஸ். நத்தையும் இறாலும் இருந்தால் வேண்டவே வேண்டாம், தாமிரம் கலந்த மருந்து என்றால் இறால் ஒன்றுகூட மிஞ்சாது.

உங்கள் உடம்பையும் பார்க்க வேண்டும். மலாக்கைட் கிரீன் புற்றுநோய் சந்தேகத்தில் உள்ள பொருள், உணவு மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டது. கையுறை போடுங்கள், குழந்தைகளை ஊற்றவிடாதீர்கள், சமையல் பாத்திரத்தில் அளக்காதீர்கள். தொட்டியின் சிலிகான் ஓரம் பச்சையாகக் கறைபட்டுவிடும், அது போகாது. சென்னைக் கொளத்தூர் மாதிரி மீன் சந்தைகளில் லேபிள் இல்லாத சின்னப் பாட்டில்களும் கிடைக்கும், உள்ளே என்ன, எவ்வளவு அடர்த்தி என்று தெரியாத எதையும் வாங்காதீர்கள். மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டும் பழக்கமும் இருக்கிறது, இக் பாக்டீரியா இல்லை, அது இக்கை ஒன்றும் செய்யாது. மஞ்சள் தூளும் அப்படித்தான், தண்ணீரைக் கலங்கடிக்கும் என்பதைத் தவிர நான் பலன் பார்த்ததில்லை.

## வாளி மாற்றுவது

இதைச் சொன்னால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இரண்டு பிளாஸ்டிக் டப், ஒரு ஏர் ஸ்டோன். மீனை முதல் டப்பில் விடுங்கள், மணல் எதுவும் வேண்டாம். மறுநாள் அதே சூட்டில், குளோரின் போக்கிய புதுத் தண்ணீர் உள்ள இரண்டாவது டப்புக்கு மாற்றி, முதல் டப்பைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். மீனைவிட்டு விழுந்த ஒட்டுண்ணி டப்பின் அடியில் கூடு கட்டி, குஞ்சு வெளிவருவதற்கு முன்னால் மீன் அங்கே இல்லை. இப்படி ஒரு வாரத்துக்கு மேல். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் இன்னும் நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. மழை நாளில் காயவைக்க முடியாவிட்டால் மூன்றாவது டப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் பெரிய தொட்டி மீன் இல்லாமல் கிடக்கட்டும். நத்தையிலும் இறாலிலும் இக் வாழாது, அவை அங்கேயே இருக்கலாம், செடியும் இருக்கலாம். 28 டிகிரி தண்ணீரில் பத்து நாள் மீன் இல்லாவிட்டால் குஞ்சுகள் பட்டினியில் முடிந்துவிடும். பில்டர் ஓடட்டும், பாக்டீரியா சாகாமல் இருக்க ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள்.

காசுச் செலவு ஏறக்குறைய இல்லை. உழைப்புதான் செலவு. தினமும் 20 லிட்டர் தண்ணீர் தயார் செய்ய வேண்டும், லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அது கஷ்டம். ஒரு நாள் தவறினால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். வலையில் பிடிப்பதே மீனுக்குப் பெரிய அதிர்ச்சி, பத்துப் பன்னிரண்டு டெட்ராவை தினம் துரத்திப் பிடிப்பது அவற்றைக் கொல்வதற்குச் சமம். ஆனால் ஒற்றை ஃபைட்டர், அல்லது இரண்டு சின்ன கோல்டு பிஷ் என்றால் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஃபைட்டரை வலை இல்லாமல் ஒரு கப்பிலேயே மொண்டு மாற்றிவிடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே நல்லது | எங்கே வேண்டாம் | தெரியாத செலவு |
|---|---|---|---|
| சூடு | ஏஞ்சல், டிஸ்கஸ், டெட்ரா, செடித் தொட்டி | கோல்டு பிஷ், கரண்ட் அடிக்கடி போகும் பகுதி, ஏற்கெனவே 31 டிகிரியில் வந்த நோய் | ஏர் பம்ப், நல்ல ஹீட்டர், தெர்மாமீட்டர் |
| உப்பு | மோலி, கப்பி, பிளாட்டி, கோல்டு பிஷ் | கோரிடோரஸ், லோச், செடித் தொட்டி | கரையும் செடிகள், பிசகும் கணக்கு |
| மருந்து | முற்றிய நோய், மீன் கூட்டமான தொட்டி | இறால், நத்தை, சின்னக் குழந்தைகள் கை வைக்கும் வீடு | பில்டர் பாக்டீரியா, சிலிகான் கறை |
| வாளி | ஒன்றிரண்டு மீன், இறால் தொட்டி | கூட்டமாக இருக்கும் சிறுமீன், பெரிய மீன் | உங்கள் நேரம், தண்ணீர் |

உண்மையில் பெரும்பாலான வீடுகளில் கலவைத் தொட்டிதான் இருக்கும்: நான்கு மோலி, இரண்டு ஏஞ்சல், அடியில் கோரிடோரஸ், கொஞ்சம் செடி. அதற்கு நான் சொல்வது சூடு, கூடவே இரண்டு நாளுக்கு ஒரு தடவை அடிமணலை உறிஞ்சிக் கால்வாசித் தண்ணீர் மாற்றுவது. மணலில்தான் கூடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு உறிஞ்சலிலும் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகிறது, இதற்கு ஈடான மருந்து எதுவும் பாட்டிலில் வருவதில்லை. ஐந்தாம் நாளும் புதுப்புள்ளி கூடிக்கொண்டே வந்தால் சூட்டை 28க்கு இறக்கிவிட்டுப் பாதி டோஸ் மருந்துக்குப் போங்கள். இரண்டையும் முதல் நாளே ஒன்றாகத் தொடங்காதீர்கள். மேல்மட்டத்தில் மூச்சு வாங்கும் மீன் இருந்தால் மட்டும் ஐந்து நாள் காத்திருக்க நேரமில்லை, காற்றை முழு வேகத்தில் வைத்து நேராக மருந்து. எந்த வழியானாலும் கடைசிப் புள்ளி மறைந்த பிறகு இன்னும் ஒரு வாரம் தொடருங்கள்.

இதைப் படிக்கும்போது ராத்திரி பத்து மணி, கடை மூடியிருக்கும் என்றால், இன்றிரவு செய்ய வேண்டியது இது. தொட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். ஆன்டி குளோரின் போட்ட, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் முப்பது சதவீதம் மாற்றுங்கள், மணலை உறிஞ்சி. பில்டரைத் தொடாதீர்கள். ஏர் பம்பைக் கூட்டுங்கள், தீனி போடாதீர்கள். உண்மையான தண்ணீர் அளவை லிட்டரில் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதித் தொட்டிப் பக்கத்தில் ஒட்டுங்கள். இந்தத் தொட்டியில் போட்ட வலையைப் பக்கத்துத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். காலையில் அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.